மின்சாரம் நின்ற இரவும் விடிந்த காலையும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க!



இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் ஆழ்ந்த தத்துவம் எதுவும் இல்லை. ஓர் இரவு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டால் மறுநாட் காலையில் ஓர் இல்லம் எந்நிலையில் இருக்கும் என்பதே பொருள். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆயினும் கொல்லாமை முதலாக மிகுபொருள் விரும்பாமை ஈறாக இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தும் அடுக்களையிலும் கிணற்றடியிலும் அண்டை வீட்டு வாசலிலுமே நாள்தோறும் சோதிக்கப்படுகின்றன. அச்சோதனை வெளிச்சத்தில் எளிதில் புலப்படுவதில்லை. இருள் வந்த மறுநாள் புலப்படுகிறது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் அதன் மழை கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. மரங்கள் சாய்ந்தன; மின்கம்பங்கள் முறிந்தன; ஊர் ஊராக மின்சாரம் நின்றது. மேல்சித்தாமூர், பெரமண்டூர், வீடூர் எனத் தமிழ்ச் சமணர் வழிவழியாக வாழ்ந்துவரும் ஊர்கள் பலவும் அம்மாவட்டத்தில் உள்ளவை. ஆதலால் இந்த அவையில் அமர்ந்திருப்போர் பலர்க்கு அவ்விரவு நேரில் அறிந்த இரவேயாகும்.

திண்டிவனத்தை அடுத்த ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்துங்கள். பெயர் வேண்டா, அது எவர் இல்லமாகவும் இருக்கலாம். அங்கே எழுபத்தெட்டு வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர். அவருடைய மகனும் மருமகளும் பணிக்குச் செல்வோர். பள்ளியிற் பயிலும் பேரன் ஒருவன், பேத்தி ஒருத்தி. சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் வேறு சமயத்தைச் சேர்ந்த குடும்பம். வயது முதிர்ந்த தந்தையும் அவரைப் பேணிவரும் மகளும். தந்தைக்கு நெடுநாளாக இளைப்பு நோய்.

மூதாட்டி இரவுணவு மறுத்தவர். கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னரே, அதாவது 48 நிமிடம் முன்னரே, உணவை முடித்துவிடுவது அவர் கைக்கொண்ட முறை. டிசம்பர்த் தொடக்கத்தில் அப்பகுதியில் மாலை 5.40 மணியளவில் கதிரவன் மறையும். எனவே ஐந்து மணிக்குள் அவர் உண்டு, தம் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஏனையோர் வழக்கம்போல் எட்டு மணிக்கு மேல் உண்டனர். மின்விளக்கு வந்தபின் இரவுணவைப் பற்றிய கட்டுப்பாடு பல இல்லங்களில் தளர்ந்துவிட்டது. வெளிச்சந்தான் இருக்கிறதே, பூச்சி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்பர்.

இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. உடனே இன்வெர்ட்டர் இயங்கிற்று, குழந்தைகள் கைதட்டினர். மழைச்சாரலுக்கு அஞ்சிச் சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தமையால் அறைகளில் புழுக்கம், கொசுவும் இருந்தது. மூன்று அறைகளில் மூன்று மின்விசிறிகள் சுழன்றன. கூடத்தில் நான்காவது விசிறி சுழன்றது. கூடத்தில் ஒருவரும் இல்லை. ஆறு விளக்குகள் எரிந்தன. எவரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. நாள்தோறும் செய்வதையே செய்தனர். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் இன்வெர்ட்டர் ஓசையெழுப்பி நின்றது. வீடு இருண்டது.

மருமகள் தட்டுத் தடுமாறி அகல் விளக்கொன்றை ஏற்றிக் கூடத்தில் வைத்தார். மகன் பழைய கண்ணாடிக் கூண்டு விளக்கைத் தேடினான், கிடைக்கவில்லை. மூதாட்டி கழிவறைக்குச் செல்ல எழுந்து, வழியில் கிடந்த நாற்காலியில் மோதி, சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். விழாதது நற்பேறு. முதியோர் உள்ள வீட்டில் இருள் என்பது விளையாட்டன்று.

மூன்று மணிக்கு வாசற்கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டு மகள் கையில் நெபுலைசர் கருவியுடன் நனைந்து நின்றாள்.

"அண்ணா, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. உங்கள் இன்வெர்ட்டரில் கால் மணி நேரம் இதைப் போட்டுக்கொள்ளலாமா?"

மகன் வாய் திறக்கவில்லை. இருண்ட வீட்டைப் பார்த்தபோது அவளுக்கே விடை தெரிந்துவிட்டது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். முதியவரை நாற்காலியில் அமர்த்தி, மகனும் எதிர்வீட்டு இளைஞர் இருவரும் முழங்கால் நீரில் தெருமுனைவரை சுமந்தனர். அங்கிருந்து ஒரு வண்டி கிடைத்தது. அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உயிர்க்கு ஊறில்லை என்று விடியற்காலையில் செய்தி வந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

இனி, காலையைக் காண்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.15 மணியளவில் மேகத்துக்குப் பின்னே கதிரவன் எழுந்தான். முதலிற் கண்ணிற் பட்டது கூடத்தில் வைத்த அகல் விளக்கு. அதன் எண்ணெயிலும் அடியிலும் சிறு பூச்சிகள் பல இறந்து கிடந்தன. மருமகள் துடைப்பத்தை எடுத்தார். பேத்தி அருகில் வந்து குனிந்து பார்த்து, "இவ்வளவுமா?" என்றாள். இரவில் உண்ணாமைக்கு முன்னோர் கூறிய காரணங்களுள் ஒன்று இதுவே. சுடரை நாடி உயிர்கள் வரும். வந்தவை சுடரிலும் விழும், உணவிலும் விழும். மின்விளக்கு அந்நிகழ்ச்சியை விட்டத்துக்கு உயர்த்தி வைத்ததேயன்றி நிறுத்திவிடவில்லை. கண்ணாடிக் கூண்டு இருந்திருந்தால் அவற்றுட் பல பிழைத்திருக்கும்.

அடுத்துக் குளிர்ப்பெட்டி. மூடியே வைத்திருந்தால் மின்சாரமின்றி ஏறத்தாழ 4 மணி நேரம் அதன் உள்ளே குளிர் நிற்கும். உறைபெட்டி நிறைந்திருந்து திறக்காமலும் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். இவ்வீட்டிலோ பத்து மணி நேரம் கடந்துவிட்டது. இடையே எத்தனை முறை திறந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. மூன்று நாளைக்கென அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்திருந்தது. பால் திரிந்திருந்தது. முந்தைய நாளின் குழம்பும் அதற்கு முந்தைய நாளின் கூட்டும் கிண்ணங்களில் இருந்தன. மருமகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டினார். கொட்டும்போது மூதாட்டி ஒரு சொல்லும் கூறவில்லை. அன்றன்று சமைத்து அன்றன்று உண்ணும் முறையில் வளர்ந்தவர் அவர். ஆனால் பணிக்குச் செல்லும் மருமகளுக்குக் குளிர்ப்பெட்டி எத்துணை உதவி என்பதையும் அவர் அறிவார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிட்டாக வேண்டும். பழைய முறையைப் போற்றுவோர், அப்பழைய முறையின் சுமை எவர் தலையில் இருந்தது என்பதை மறத்தலாகாது. அன்று காலை அம்மியில் அரைத்ததும், துணியைக் கையால் துவைத்ததும், வெந்நீர் வைத்ததும் மருமகளே. மின்சாரம் நின்றால் வீட்டில் முதலிற் களைப்பவள் பெண். ஆகவே எளிய வாழ்வைப் பற்றி மேடையில் உரைக்கும் ஆடவர், குடத்தையும் கையில் எடுத்தல் வேண்டும். அன்று அம்மகன் எடுத்தான் என்பது அவனுக்குப் பெருமை.

குடத்தை எடுக்க நேர்ந்தது ஏனெனில், மேல்நிலைத் தொட்டியில் இருந்த நீர் ஏழு மணிக்குள் தீர்ந்துவிட்டது. கழிவறையில் ஒரு முறை நீர் விடுத்தால் 6 முதல் 10 லிட்டர்வரை செல்லும். ஐவர் வாழும் வீட்டில் காலைப்பொழுதில் மட்டும் எத்துணை செலவாகும் என்று எண்ணிக் கொள்க. புழக்கடையில் கிணறு இருந்தது. ஆனால் அதைக் கான்கிரீட் பலகையால் மூடி, உள்ளே நீர்மூழ்கி மோட்டாரை இறக்கியிருந்தனர். நீர் பத்தடி ஆழத்தில் நிறைந்து நிற்க, அதனை எடுக்க வழியில்லை. கயிறும் ராட்டினமும் உள்ள கிணறு அடுத்த தெருவில் ஒன்றே இருந்தது. அக்கிணற்றடியில் ஊரே கூடியிருந்தது.

மூதாட்டி தம் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியொன்றை எடுத்துப் பேரனிடம் கொடுத்து அனுப்பினார். துணியை இரட்டையாக மடித்துக் குடத்தின் வாயிற் கட்டி நீரை வடிகட்டுவதும், பின்னர் அத்துணியைத் திருப்பி, வடித்த நீரால் அலசி, அந்நீரைக் கொண்டுவந்த கிணற்றிலேயே மெல்ல விடுவதும் சமண இல்லங்களின் தொன்றுதொட்ட வழக்கம். வடிகட்டிய நீர் இரண்டு நாழிகைக்கும், காய்ச்சிய நீர் ஒரு நாளைக்கும் ஆகும் என்பது மரபு. பேரன் அதனை அன்றுதான் முதன்முறையாகத் தன் கையால் செய்தான். குழாயில் நீர் வரும் வீட்டில் அதற்கு வாய்ப்பே இல்லாமற் போயிருந்தது.

இவ்வழக்கத்தைப் பழமை என்று தள்ளுவோர்க்கு ஒரு செய்தி. வங்கதேசச் சிற்றூர்களில் பழைய சேலைத் துணியை நான்கு முறை மடித்துக் குளத்து நீரை வடிகட்டச் செய்து ஆராய்ந்தனர். அவ்வூர்களில் காலரா நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. நீரில் வாழும் நுண்ணுயிர்களோடு ஒட்டியிருந்த நோய்க்கிருமிகள் துணியில் தங்கியதே காரணம். ஆயினும் துணி ஒன்றே போதும் என்று கொள்ளலாகாது. வெள்ளநீர் கலந்த கிணற்று நீரை வடிகட்டிய பின்னர் நன்கு கொதிக்கக் காய்ச்சியே பருக வேண்டும். மரபு கூறும் வடித்தலும் காய்ச்சுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்தே காவலாகும்.

கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை கழிந்தபின் மூதாட்டிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார் மருமகள். மூதாட்டி கிண்ணத்தைக் கையில் வாங்கியும் உண்ணவில்லை. கண் கலங்கியிருந்தது.

"என்ன அத்தை, உடம்புக்கு முடியவில்லையா?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. அறுபது ஆண்டாக இரவில் உண்பதில்லை என்று பெருமை கொண்டிருந்தேன். நேற்றிரவு கூடத்தில் ஆளில்லாமல் விசிறி சுழலும் ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தேன். எழுந்து நிறுத்தவில்லை. என் விரதம் என் வயிற்றோடு நின்றுவிட்டது."

மகன் தலைகுனிந்தான். பின்னர்த் தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்து கணக்கிட்டான். அக்கணக்கை இந்த அவையினரும் கேட்டல் நன்று.

வீடுகளிற் பரவலாகக் காணப்படும் இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுடையது. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் 1,440 வாட்-மணி கைக்கு வரும் எனக் கொள்ளலாம். பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட், சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு 9 வாட். நான்கு விசிறிகளும் ஆறு விளக்குகளும் சேர்ந்தால் 354 வாட். அவ்வாறாயின் பேட்டரி நான்கு மணி நேரமே தாங்கும். ஒன்பது மணிக்குத் தொடங்கியது ஒரு மணிக்கு நின்றது சரியே. ஐவரும் ஓரறையில் படுத்து ஒரு விசிறியும் இரண்டு விளக்குகளும் மட்டும் இயக்கியிருந்தால் 93 வாட். அதே பேட்டரி பதினைந்து மணி நேரம், மறுநாள் நண்பகல்வரை, தாங்கியிருக்கும்.

நெபுலைசர் கருவிக்குச் சுமார் 120 வாட். கால் மணி நேரத்துக்கு 30 வாட்-மணி. அது ஒரு விசிறி 24 நிமிடம் சுழலும் மின்சாரம். சரியாக ஒரு நாழிகை. ஆளில்லாக் கூடத்தில் சுழன்ற விசிறி நான்கு மணி நேரத்தில் 300 வாட்-மணியைத் தின்றது. அடுத்த வீட்டு முதியவர்க்குப் பத்து முறை மூச்சு வாங்க உதவியிருக்கும் மின்சாரம் அது.

மிகுபொருள் விரும்பாமை என்றால் பொன்னையும் நிலத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுதல் என்றே பலரும் கருதுகின்றனர். வேண்டாத இடத்தில் சுழலும் விசிறியும் மிகுபொருளே. அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டது எதுவோ, அது எங்கோ ஒருவர்க்குக் குறைந்தே தீரும். பெரும்பாலும் அந்த ஒருவரைக் காண நேர்வதில்லை. ஆதலால் மனம் அமைதியாக இருக்கிறது. அவ்விரவில் அந்த ஒருவர் சுவருக்கு அப்பால் இருந்தார். அவர் மகள் வாசலில் வந்து நின்றாள். விரதம் தன் உயிரைத் தூய்மை செய்துகொள்வதற்கு என்பது உண்மை. பிற உயிர்க்கு இடம் விடுவதற்கும் அதுவே என்பதை அந்த வாசல் உணர்த்திற்று.

முதியவர் வீடு திரும்பிய அன்று மாலை, மகன் அடுத்த வீட்டுக்குச் சென்றான். விசிறியைப் பற்றி அவ்வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. இன்வெர்ட்டர் நின்றுவிட்டது என்று மட்டுமே அறிவர். எவர் வீட்டிலும் நிற்பதுதானே என்று எண்ணியிருந்தனர். சொல்லாமல் இருந்தால் அப்பிழை அவ்வளவில் மறைந்துபோயிருக்கும். அவன் சொன்னான். ஆளில்லாத கூடத்தில் விசிறியை ஓடவிட்டு மின்சாரத்தைத் தீர்த்ததைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டினான். வாய்மையும் அணுவிரதங்களுள் ஒன்றன்றோ!

முதியவர் சிறிது நேரம் அவனைப் பார்த்தார். பின்னர், "அதற்கென்ன தம்பி, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடும். உங்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிடுங்கள், போதும்" என்றார். மறுவாரம் மின்பணியாளர் வந்து, முறையான காப்புடன், இவ்வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து அவ்வீட்டு முதியவர் படுக்கைக்கு அருகில் ஒரு பிளக் அமைத்துத் தந்தார்.

அறிவுரை மிகுதியாக வேண்டா. நாளையே செய்யத்தக்கன சில கூறி நிறைவு செய்யலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மின்சாரம் நின்றவுடன் எந்த விசிறி, எந்த விளக்கு மட்டும் இயங்க வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்து, சுவிட்சின் அருகில் எழுதி ஒட்டுங்கள். படுக்கையிலிருந்து கழிவறைவரை செல்லும் வழியில் இரவில் எப்பொருளும் கிடத்தலாகாது. கண்ணாடிக் கூண்டு விளக்கொன்றைத் துடைத்து, எல்லாரும் அறிந்த இடத்தில் வையுங்கள். மூடிய கிணற்றில் ஒரு திறப்பும் அதற்குப் பூட்டும் ஒரு ராட்டினமும் அமையுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதனை ஒருபோதும் வீட்டுக்குள் இயக்காதீர். அதன் புகை மணமற்ற நஞ்சையும் உடையது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் அஞ்ச வேண்டா. பயன்பாட்டில் உள்ள மருந்து, வெயில் படாத இடத்தில், அறைவெப்பத்தில் பொதுவாகச் சில வாரங்கள் கெடாது. உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள். இளைப்பு நோயுடையோர், மின்சாரம் வேண்டாத ஸ்பேசர் குழாயுடன் கூடிய இன்ஹேலரை வைத்துக்கொள்ளுதல் பற்றித் தம் மருத்துவரைக் கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சுவருக்கு அப்பால் வாழ்பவர்க்கு என்ன நோய், என்ன தேவை என்பதை அறிந்து வையுங்கள்.

மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளை விளக்கேற்றி நினைவுகூர்வது சமணர் மரபு. ஆண்டுதோறும் ஏற்றும் அவ்விளக்கு வரிசையாக எரிவது அழகே. அதனோடு, ஆளில்லா அறையில் எரியும் விளக்கொன்றை எழுந்து சென்று அணைப்பதும் அந்நாளுக்குரிய வழிபாடாகட்டும்.

அவ்வீட்டில் மின்சாரம் ஒருநாள் கழித்து மாலையில் திரும்பிற்று. கூடத்து விசிறியின் சுவிட்சு அந்த இரவிலிருந்து போட்டபடியே இருந்தது. விசிறி தானே சுழலத் தொடங்கிற்று. ஒருவரும் சொல்லாமலே பேத்தி எழுந்து சென்று அதனை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்தாள். மூதாட்டி அதனைப் பார்த்திருந்தார். அன்று அவர் மனநிறைவோடு துயின்றார்.



அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!